வீட்டு வாசல்ல இருந்தே வாக்கிங் - புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வாக்கிங் போகணும்னு முடிவு பண்ணின உடனே நிறைய பேர் செய்யிற முதல் காரியம் கடைக்கு ஓடுறது. ஷூ, டிராக் பேன்ட், கையில கட்டுற ஸ்மார்ட் வாட்ச்னு ஒரு தொகைய இறக்கிட்டு, அப்புறம் ஊருக்குள்ள எங்க நல்ல பார்க் இருக்குன்னு விசாரிச்சு, டெய்லி காலைல பைக்க எடுத்துட்டு நாலு கிலோமீட்டர் ஓட்டிப் போய் ரெண்டு கிலோமீட்டர் நடந்துட்டுத் திரும்ப பைக்லயே வர்றது. முதல் வாரம் ஜோரா இருக்கும். ரெண்டாவது வாரம் ஒரு நாள் மழை, ஒரு நாள் விருந்தாளி, ஒரு நாள் வண்டி பஞ்சர், அதோட சரி, ஷூ கட்டிலுக்கு அடியில போயிரும். பாதிப் பேருக்கு நடக்கச் சோம்பலே கிடையாது, நடக்குற இடத்துக்குப் போய்ச் சேரத்தான் சோம்பல். அதனால புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்றது, வீட்டுப் படிய விட்டு இறங்குன முதல் அடியே வாக்கிங் கணக்குல வரணும். பார்க், கிரவுண்ட், பீச் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, சுகருக்காக, பிரஷருக்காக, தொப்பைக்காகன்னு மட்டும் நடந்தா அது மாத்திரை சாப்பிடுற கணக்கா ஆயிரும், ரிப்போர்ட் நார்மல்னு வந்த அன்னைக்கு விட்ருவோம். நடக்குறதுல ஒரு ருசி இருக்கு, அது பிடிபட்டுட்டா யாரும் சொல்ல வேண்டியதில்ல, கால் தானா கிளம்பும். அந்த ருசி பிடிபடுற வரைக்கும் எப்படி ஓட்டுறதுங்கிறதுதான் கீழ வர்றது பூரா. நான் மதுரைக்காரன், உதாரணம் எல்லாம் நம்ம ஊர்ல இருந்துதான் வரும், நீங்க உங்க தெருவ வச்சு மாத்திக்கோங்க.

முதல்ல உடம்பக் கேட்டுக்கோங்க

சும்மா இருக்கிற ஆளு மெதுவா நடக்க ஆரம்பிக்கிறதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் வாங்க வேண்டியதில்ல. ஆனா ஏற்கனவே நெஞ்சு வலி வந்திருக்கு, ஸ்டென்ட் வச்சிருக்கு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, அடிக்கடி தலை சுத்துது, இந்த லிஸ்ட்ல எதாவது ஒண்ணு இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க பாக்கெட்ல குளுக்கோஸ் இல்லாட்டி நாலு மிட்டாய் வச்சுக்கணும், நடந்துட்டு இருக்கும்போது திடீர்னு வேர்த்துக் கொட்டி கை நடுங்கி கண்ணு இருட்டுனா சுகர் இறங்குதுன்னு அர்த்தம், உடனே உக்காந்து வாயில போடுங்க, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு இழுக்காதீங்க. சுகர்காரங்க இன்னொரு விஷயமும் கவனிக்கணும், வெறுங்கால்ல புல்லுல நடந்தா நல்லதுன்னு யாராச்சும் சொல்லுவாங்க, உங்களுக்கு அது வேணாம், பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா முள்ளு குத்துனதே தெரியாது, அது புண்ணாகி நிக்கும்போதுதான் தெரியும். டெய்லி ராத்திரி உள்ளங்கால ஒரு தடவ பாத்துட்டுப் படுங்க, குனிய முடியலேன்னா கீழ ஒரு கண்ணாடிய வச்சுப் பாருங்க.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கமா இருக்கு, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, கூடவே குப்புனு வேர்க்குதுன்னா அப்படியே நில்லுங்க, 108-க்குப் போன் போடுங்க. வாயுத் தொல்லைன்னு சோடா குடிச்சு நேரத்தப் போக்குறது நம்ம ஊர்ல ரொம்ப நடக்குது, அத மட்டும் செய்யாதீங்க.

செருப்பா ஷூவா

ஷூ நல்லது, ஆனா விலை கூடுன ஷூ தான் வேணும்னு கிடையாது. சாயங்காலமாப் போய் வாங்குங்க, பகல் பூரா நின்னு நடந்து கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், காலைல கச்சிதமா இருந்த ஷூ அப்ப கடிக்கும். ரெண்டு காலுக்கும் போட்டு எந்திரிச்சு நின்னு, முன்னாடி விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவுல ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்கான்னு பாருங்க, குதிகால் உள்ள ஆடக் கூடாது, நடுவுல மடக்குனா மடங்கவும் கூடாது, முன்னாடி விரல் மடங்குற இடத்துல தான் மடங்கணும். கடைக்குள்ளேயே நாலு தடவ நடந்து பாருங்க, கடைக்காரர் "போடப் போட லூஸ் ஆயிரும் சார்"னு சொன்னா அந்த ஷூவ அவர்கிட்டயே குடுத்துருங்க.

ஷூ பழக்கமே இல்ல, புடவைக்கு ஷூ போட்டா கூச்சமா இருக்குன்னு சொல்ற அம்மாமாருங்க நிறைய, பின்னாடி வார் இருக்கிற சேண்டல் போதும். பாத்ரூமுக்குப் போடுற ரப்பர் செருப்பு மட்டும் வேணாம், அது கழண்டு போகாம இருக்க விரல இறுக்கி இறுக்கிப் பிடிச்சே நடப்போம், பத்து நாள்ல குதிகால் வலி வந்துரும். சாக்ஸ் காட்டனா இருக்கட்டும், தினம் மாத்துங்க. டிரஸ் பத்தி ஒண்ணும் பெருசா இல்ல, இருட்டுல போறதா இருந்தா வெள்ளையோ மஞ்சளோ எதாவது பளிச்னு தெரியிற சட்டை, அவ்வளவுதான்.

ரூட் போடுறது

இதுக்குத்தான் உக்காந்து யோசிக்கணும், ஷூவுக்கு யோசிச்ச நேரத்துல பாதியாவது. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருந்து கிளம்பி, வாட்சப் பாத்து, உங்க சாதாரண நடையில பத்து நிமிஷம் ஒரே பக்கமாப் போங்க. அது எங்க போய் முடியுதோ, டீக்கடையோ ரேஷன் கடையோ பிள்ளையார் கோயிலோ, அதுதான் உங்க முதல் எல்லைக்கல்லு. மறுநாள் வேற திசையில அதே மாதிரி. நாலு திசையும் போய்ப் பாத்துட்டா உங்க வீட்டச் சுத்தி பத்து நிமிஷ தூரத்துல என்னென்ன இருக்குன்னு ஒரு மேப் மனசுல விழுந்துரும். பல வருஷம் குடியிருக்கிற ஏரியாவா இருந்தாலும், அட இந்தச் சந்து இங்க வந்து முட்டுதான்னு ஒண்ணு ரெண்டு இடம் கண்டிப்பா சிக்கும், ஏன்னா இத்தனை நாள் நாம பாத்தது பூராவும் வண்டி போற ரோட்ட மட்டும்தான்.

நல்ல ரூட்டுன்னா என்ன? ஒண்ணு, சுத்து வழியா இருக்கணும், போன வழியே திரும்பி வர்றது சலிக்கும். ரெண்டு, நடுவுல எங்க விட்டாலும் சீக்கிரம் வீட்டுக்கு வந்து சேர்ற மாதிரி ஒரு குறுக்குச் சந்து இருக்கணும், மழை வந்தாலோ வயித்தக் கலக்குனாலோ உதவும், சிரிக்காதீங்க, காலை வாக்கிங்ல இது முக்கியமான விஷயம். அப்புறம் தெரு விளக்கு எரியணும், மெயின் ரோட்டக் கடக்குறது ரொம்பக் கம்மியா இருக்கணும். பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல ரைட் சைடு ஓரமா, எதுக்க வர்ற வண்டியப் பாத்த மாதிரி நடங்க, முதுகுக்குப் பின்னாடி வர்ற வண்டிய நம்பி நடக்குறத விட அது பெட்டர்.

எங்க ஏரியாவுக்கு அதிர்ஷ்டம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பக்கத்துலயே இருக்கு. திருமலை நாயக்கர் 1645-ல கட்டுனது, ஒரு பக்கம் 1,000 அடி, இன்னொரு பக்கம் 950 அடி, கணக்குப் போட்டா ஒரு சுத்து சுமாரா ஒண்ணேகால் கிலோமீட்டர் வரும், பைய நடந்தாலே இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். நாயக்கர் மஹால் கட்டுறதுக்கு இங்க மண்ணு தோண்டும்போதுதான், இப்ப மீனாட்சி கோயில்ல இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் கிடைச்சாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. காலைல வெள்ளன போனீங்கன்னா நடு மண்டபம் தண்ணியில தலைகீழாத் தெரியும், கல்லுச் சுவருக்கு மேல நீர்க்காகம் ரெக்கைய விரிச்சுக் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கும், வாக்கிங் வந்த பெரியவங்க ஓரத்துல நின்னு கைய மேல கீழ ஆட்டிட்டு இருப்பாங்க, எதுக்க வர்ற முகம் பத்து நாள்ல பழகிரும், ஒரு மாசத்துல தலையாட்ட ஆரம்பிப்பாங்க, ரெண்டு மாசத்துல "என்ன ரெண்டு நாளா ஆளக் காணோம்"னு கேப்பாங்க. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எந்திரிச்சு வர்றவங்க எனக்குத் தெரிஞ்சு நிறைய. தை மாசம் தெப்பத் திருவிழா அன்னைக்கு மட்டும் அங்கிட்டுப் போகாதீங்க, கால் வைக்க இடம் இருக்காது, இல்ல திருவிழாவப் பாக்கவே போங்க, அன்னைக்கு நடை லீவு.

தெப்பக்குளம் எல்லார் வீட்டுக்கும் பக்கத்துல இருக்காது, சரி. டவுனுக்குள்ள இருக்கிறவங்களுக்கு மீனாட்சி அம்மன் கோயிலச் சுத்தி இருக்கிற சித்திரை வீதி, வண்டி விடுறதில்ல, தரை சமமா இருக்கும், நாலு கோபுரத்தையும் பாத்துட்டே ஒரு சுத்து வந்தா சுமாரா ஒரு கிலோமீட்டர் ஆயிரும். அதுக்கு வெளியில ஆவணி மூல வீதி, அதுக்கு வெளியில தேர் ஓடுற மாசி வீதி, அதையும் தாண்டி வெளி வீதி. வாக்கிங் போறவங்களுக்காகவே நாயக்கர் காலத்துல பிளான் போட்ட மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா சதுரம் சதுரமா இருக்கு. ஆரம்பத்துல சித்திரை வீதி, பழகப் பழக ஒவ்வொரு வீதியா வெளிய வாங்க, தூரம் தானா கூடும். மாசி வீதி எல்லாம் காலை ஆறரைக்குள்ள முடிச்சிரணும், அப்புறம் லோடு ஆட்டோ வந்துரும். உங்க ஊர்லயும் கோயில் மாட வீதியோ குளக்கரையோ கம்மாய்க் கரையோ ரயில்வே காலனியோ எதாவது ஒண்ணு இருக்கும். எதுவுமே இல்ல, ஹவுசிங் போர்டு பிளாக்கச் சுத்தித்தான் நடக்கணும்னாலும் பரவாயில்ல.

நேரம்

காலையா சாயங்காலமான்னு பெரிய பட்டிமன்றமே நடக்கும். எந்த நேரத்துக்கு உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்களோ அதுதான் நல்ல நேரம். குழந்தைங்கள ஸ்கூலுக்கு அனுப்புற அம்மாவுக்குக் காலை அஞ்சரை மணி நடையெல்லாம் நடக்குற காரியமா, அவங்க ஒன்பது மணிக்கு ஸ்கூல் வேன் போனதும் அப்படியே தெருவ ஒரு சுத்து வரலாம், இல்ல ராத்திரி சாப்பிட்டு முடிச்சு வீட்டுக்காரரையும் இழுத்துட்டுப் பதினஞ்சு நிமிஷம் போலாம். சாப்பிட்ட உடனே படுக்கிறதுக்குப் பதிலா பத்துப் பதினஞ்சு நிமிஷம் மெதுவா நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர் குறையுது, இது நிரூபணமான விஷயம்தான், சுகர்காரங்களுக்கு காலைல ஒரு மணி நேரம் நடக்குறத விட மூணு வேளையும் சாப்பிட்டு இப்படி நடக்குறது சில பேருக்கு நல்லாவே வேலை செய்யும்.

மதுரை வெயில் தெரிஞ்ச விஷயம், மே மாசம் 40 டிகிரியத் தாண்டும், அக்னி நட்சத்திரம் முடியிற வரைக்கும் காலை ஏழு மணிக்கு மேல, சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி வெளிய வராதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி, வந்து ஒண்ணு. அரை மணி நேர நடைக்குக் கையில பாட்டில் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல.

பொம்பளைங்க தனியா இருட்டுல போறதா இருந்தா செயினக் கழட்டி வச்சிட்டுப் போங்க, இல்ல ஷாலுக்கு உள்ள போட்டுக்கோங்க. கிளம்பும்போது வீட்டுல எந்தப் பக்கம் போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, போன்ல 112 தெரிஞ்சிருக்கணும். ரெண்டு பேரா போனா இந்தக் கவலையே பாதி போயிரும்.

முதல் மாசம் எப்படி

முதல் வாரம் பத்து நிமிஷம். ஆமா, பத்தே பத்து. அஞ்சு நிமிஷம் போய் அஞ்சு நிமிஷம் வர்றது. "இவ்வளவு தானா"ன்னு தோணும், தோணட்டும், ஆசை மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துரணும், அப்பத்தான் நாளைக்கும் போகத் தோணும். முதல் நாளே வீராப்பா ஒரு மணி நேரம் நடந்தவங்க மறுநாள் கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்குறதப் பாத்திருக்கேன். ரெண்டாவது வாரம் பதினஞ்சு நிமிஷம், மூணாவது வாரம் இருபது, இப்படி வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. ஒண்ணேகால் மாசத்துல அரை மணி நேரம் வந்துரும். வாரத்துக்கு அஞ்சு நாள் அரை மணி நேரம்னா 150 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற குறைஞ்ச அளவு இதுதான், 300 நிமிஷம் வரைக்கும் போனா இன்னும் நல்லதுங்கிறாங்க. அதுவும் ஒரே மூச்சுல நடக்கணும்னு இல்ல, காலைல பதினஞ்சு சாயங்காலம் பதினஞ்சுன்னு பிரிச்சும் நடக்கலாம்.

வேகம் பத்தி ரொம்பக் குழப்பிக்காதீங்க. முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா, கடைசி மூணு நிமிஷம் மெதுவா, நடுவுல கொஞ்சம் விறுவிறுன்னு. பக்கத்துல வர்றவர்கிட்ட பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட மூச்சுப் பத்தக் கூடாது, அந்த வேகம் கரெக்ட். பாடவே முடிஞ்சா இன்னும் கொஞ்சம் எட்டி வைங்க, ரெண்டு வார்த்தைக்கே திணறுனா குறைங்க. பார்வை பத்துப் பதினஞ்சு அடி தள்ளி முன்னால, தோள் தளர்வா, கை முழங்கையில லேசா மடங்கி தானா ஆடட்டும், குதிகால் முதல்ல தரையில பட்டு விரல்ல முடியணும். போன நோண்டிட்டே நடக்குறவங்களுக்கு இது எதுவுமே வராது, கழுத்து தொங்கிட்டே இருக்கும், பத்தாததுக்கு நம்ம ஊரு ரோட்டுல மூடாத சாக்கடை வேற.

10,000 ஸ்டெப்ஸ் பத்திக் கேப்பீங்க. அது எந்த டாக்டரும் ஆராய்ஞ்சு சொன்ன நம்பர் கிடையாது, 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற மெஷின விக்கிறதுக்காகப் பிடிச்ச நம்பர், அப்படியே உலகம் பூரா ஒட்டிக்கிச்சு. நடந்தா தப்பில்ல, நடக்கலேன்னா தோத்துப் போன மாதிரி ஃபீல் பண்ண வேண்டியதும் இல்ல. நிமிஷத்துக்குச் சுமாரா 100 ஸ்டெப்ஸ் வந்தா அது நல்ல விறுவிறுப்பான நடை, அரை மணி நேரத்துக்கு 3,000 ஸ்டெப்ஸ், அவ்வளவு போதும். லண்டன்ல டபுள் டெக்கர் பஸ்ல உக்காந்தே ஓட்டுற டிரைவருக்கு வர்ற மாரடைப்பு, டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்குற கண்டக்டருக்குக் குறைச்சலா இருந்துச்சுன்னு ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் 1953-லயே எழுதி வச்சாரு, அந்தக் கண்டக்டருங்க கையில எந்த வாட்ச்சும் அடி எண்ணல.

நாய்

இது இல்லாம நம்ம ஊர்ல வாக்கிங் கைடே எழுத முடியாது. காலைல நாலரை அஞ்சு மணிக்கு தெரு அதுங்களோடது, நாமதான் வெளியாளு. எங்க ரூட்டுல ஒரு மாவு மில் வாசல்ல செவலை நாய் ஒண்ணு படுத்திருக்கும், யாரு என்னன்னு தலையத் தூக்கிப் பாத்து, தெரிஞ்ச ஆளுன்னா வால ஒரு தட்டு தட்டிட்டுத் திரும்பப் படுத்துக்கும், ஆனா அதே ஆளு குல்லா போட்டுட்டு வந்தாலோ கையில குச்சிய ஆட்டிட்டு வந்தாலோ எந்திரிச்சு நின்னு மொத்தத் தெருவையும் எழுப்பி விட்ரும். அதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டது, தினம் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே மாதிரி நடை, நாய்க்கு இது போதும், ஒரு வாரத்துல உங்க பேர அது ரிஜிஸ்டர்ல எழுதிக்கும்.

புது நாய் குரைச்சுட்டு வந்தா ஓடாதீங்க, ஓடுனா துரத்தும். கண்ணுக்கு நேரா முறைக்காம, பக்கவாட்டுல திரும்பி, மெதுவா அதோட எல்லையத் தாண்டுங்க. குட்டி போட்ட நாய் இருக்கிற தெருவ ஒரு ரெண்டு மாசத்துக்கு ரூட்டுல இருந்து தூக்கிருங்க. மீறிக் கடிச்சிருச்சுன்னா, பல்லு லேசாப் பட்டதுதானேன்னு விடாதீங்க, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் நல்லாக் கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கோங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. சொன்ன தேதிக்கெல்லாம் போய் எல்லா ஊசியும் முடிச்சிரணும், பாதியில விடுற விஷயமே கிடையாது, வெறிநோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

ருசி எங்க இருக்கு

இவ்வளவும் சொல்லிட்டு இதச் சொல்லலேன்னா பிரயோஜனம் இல்ல. ஒரே தெருவ வருஷம் பூரா நடந்தாத்தான் அந்தத் தெரு உங்களுக்குத் தன்னைக் காட்டும். பங்குனி சித்திரையில வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும், மிதிச்சா லேசா ஒரு கசப்பு வாசம் வரும், புங்க மரத்துக்குக் கீழ தரையே தெரியாது, குயிலு விடியிறதுக்கு முன்னாடியே தொண்டையக் கிழிச்சிட்டு இருக்கும். சரக்கொன்றை மஞ்சளாத் தொங்குனா வெயில் உச்சத்துக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். ஐப்பசி கார்த்திகையில மழை பேஞ்சு ஓஞ்ச காலைல மரமல்லி வெள்ளை வெள்ளையா உதுந்து கிடக்கும், ஒரு பூவ எடுத்து அந்த நீளக் காம்போட மோந்து பாத்துட்டு சட்டைப் பையில போட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்கு வந்தப்புறமும் வாசம் நிக்கும். மார்கழியில கேக்கவே வேணாம், அஞ்சு மணிக்கே கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை, வாசலுக்கு வாசல் குளிர்ல தண்ணி தெளிச்சுக் கோலம், நடுவுல சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப் பூ, எந்த வீட்டுல நேத்து போட்ட கோலம் அழியாம இருக்கோ அவங்க ஊருக்குப் போயிருக்காங்கன்னு கூடக் கண்டுபிடிச்சிரலாம். மார்கழி ஒரு மாசம் மட்டும் நடக்குறேன்னு சொன்னாக் கூட நான் சரின்னுதான் சொல்லுவேன், அந்த ஒரு மாசம் மீதிப் பதினொரு மாசத்த இழுத்துட்டு வந்துரும்.

அதுக்காகத்தான் காதுல ஹெட்போன் வேணாங்கிறது. பாட்டு கேட்டாத்தான் நடக்க முடியும்னா ஒரு காதுல மட்டும் மாட்டுங்க, இன்னொண்ணு ரோட்டுக்கும் குயிலுக்கும்.

கூட ஆள் சேக்குறதுல ஒரு சூட்சமம் இருக்கு. நடை வேகமும் வாய் வேகமும் ரெண்டும் ஒத்துப் போற ஆளா பாக்கணும். நடை மட்டும் ஒத்துப் போய், ஆளு காலங்காத்தால பங்காளிச் சண்டையவும் ஆபீஸ் புலம்பலையும் எடுத்தா ரெண்டே வாரத்துல நீங்க வேற ரூட்டு தேடுவீங்க. ரெண்டு பேரா போகும்போது மெதுவா நடக்குறவர் வேகம்தான் வேகம். ஒருத்தர் வராட்டியும் இன்னொருத்தர் போயிரணும், "அவன் வரல அதான் நானும்"ங்கிற பேச்சுக்கே இடம் குடுக்கக் கூடாது, கேட் வாசல்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல காத்திருக்காதீங்க.

டீக்கடை விஷயத்துக்கு வருவோம். நடந்து முடிச்சிட்டு டீ குடிக்கிற சுகத்த நான் யாருக்கும் வேணாம்னு சொல்ல மாட்டேன், அதுல பாதி வாக்கிங்கே இருக்கு. ஆனா அரை மணி நேரம் நடந்தா செலவாகுறது சுமாரா 120, 150 கலோரி, ரெண்டு உளுந்த வடையும் சீனி போட்ட பால் டீயும் அதத் தாண்டிரும். சீனி கம்மியா ஒரு டீ, பேப்பர், அரை மணி நேர அரட்டை, வடைய பாத்துட்டே வந்துரலாம். வாக்கிங் இடத்துக்கு வெளிய வண்டியில அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், முடக்கத்தான் சூப், முருங்கைக்கீரை சூப்னு வச்சிருப்பாங்க, சூப் சுடச்சுட மிளகுத்தூள் தூவிக் குடுத்தா மழைக்காலத்துல அபாரமா இருக்கும், அட்டையில எழுதியிருக்கிற "நாற்பது வியாதி தீரும்" எல்லாம் நம்பிக் குடிக்க வேணாம், ருசிக்குக் குடிங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டரக் கேக்காம ஜூஸ் பக்கம் போக வேணாம்.

வலி, மழை, லீவு

கெண்டைக்கால், தொடை லேசா வலிச்சா அது புது வேலைக்கு உடம்பு சொல்ற முணுமுணுப்பு, ரெண்டு மூணு நாள்ல போயிரும். காலைல படுக்கையில இருந்து எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகால்ல சுருக்குனு குத்தி, நாலு அடி நடந்தா குறையுதுன்னா செருப்பு சரியில்ல இல்லாட்டி திடீர்னு தூரத்தக் கூட்டிட்டீங்க, தூரத்தக் குறைச்சு, எந்திரிக்கும் முன்னாடி படுக்கையிலயே பாதத்த மேல கீழ பத்துத் தடவ மடக்கி நீட்டுங்க. மூட்டு வீங்குது, நடக்க நடக்க வலி கூடுதுன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. மூட்டுத் தேய்மானம் இருக்கு அதனால நடக்கவே கூடாதுன்னு சில பேர் வீட்டோட முடங்கிருவாங்க, அளவா சமதரையில நடக்குறது பெரும்பாலும் நல்லதுதான், எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

மழை நாளைக்கு மொட்டை மாடியோ போர்ட்டிகோவோ இருக்கு. நம்ம ஊர்ல பிரபலமான எட்டு நடை இதுக்குத் தோதானது, தரையில சாக்பீஸ்ல பெரிய எட்டு ஒண்ணு போட்டு அது மேலயே நடக்குறது, பாதி நேரம் ஒரு பக்கமா, அப்புறம் திருப்பி. எட்டு போட்டா இந்த வியாதி போகும் அந்த வியாதி போகும்னு வாட்ஸ்அப்ல சுத்துறத விட்ருங்க, சின்ன இடத்துல தலை சுத்தாம இருபது நிமிஷம் நடக்க நல்ல ஐடியா, எனக்கு என்னவோ பத்து நிமிஷத்துலயே போரடிச்சிரும். ஈரமான மாடியில பாசி இருக்கும், பாத்து.

காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போனதுன்னு ஒரு வாரம் விட்டுப் போச்சுன்னா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, ஒரு படி கீழ இறங்கி ஆரம்பிங்க, அரை மணி நேரம் நடந்திருந்தா இருபது நிமிஷம். விட்ட நாளுக்கு வட்டி போட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் நடந்து கழிக்கிற வேலை வேணாம். ஊருக்குப் போற இடத்துலயும் நடக்கலாம், மாமியார் வீட்டுத் தெரு, லாட்ஜ் இருக்கிற பஜார், எந்த ஊரா இருந்தாலும் காலை ஆறு மணிக்கு அதோட முகமே வேற.

மூணு மாசம் தாண்டி ஒரு மணி நேரம் அலுங்காம நடக்க முடியுதுன்னா அப்ப பெரிய ரூட்டுக்கு ஆசைப்படலாம். 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு "நடப்போம் நலம் பெறுவோம்"னு ஆரம்பிச்சதுல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை குறிச்சு வச்சிருக்காங்க, உங்க மாவட்டத்துல எங்கன்னு விசாரிச்சுக்கோங்க. 8 கிலோமீட்டர்னா சாதாரண நடையில ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, அதுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போகணும், தனியாப் போகாம ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க, முதல் தடவ பாதி தூரத்துலயே கால் கெஞ்சுனாலும் கெஞ்சும், திரும்பி வர்றதுக்கு ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை இருக்கட்டும்.